மாடிவீட்டு ஹாக்கி சீசன்

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் 'சீசன்' என்றால் ஐப்பசி மழை ஓய்ந்ததும் தொடங்கி, மாசி வெயில் உறைக்கும்வரை ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் காலம் அது. செங்கம் ரோட்டில் காப்பிக் கடைகள் பெயர்ப்பலகையைத் துடைத்து வெளியே வைக்கும். வாடகை சைக்கிள்களுக்குக் காற்றடிப்பார்கள். ரமண நகர் தெருக்களில் கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த மாடி அறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு அறை உண்டு. என் மாமனார் கட்டிவிட்டுப் போனது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் பாதியை அந்த வாடகைதான் தாங்கியது.

ஸ்வீடனில் ஐஸ் ஹாக்கிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து மார்ச் தொடக்கம்வரை லீக் ஆட்டங்கள். பிறகு ஏப்ரல் கடைசிவரை, சில வருஷம் மே முதல் நாட்கள்வரை, பட்டத்துக்கான சுற்றுகள். இந்த இரண்டு சீசனும் எங்கள் மாடியில் சேர்ந்துகொண்டன. கரும்புச்சாறு வண்டியில் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பாரைத் தவிர வேறு பனிக்கட்டி பார்த்தறியாதவள் நான். இன்று ஸ்வீடன் லீக்கில் கடைசி இரண்டு இடத்துக்குப் போனால் என்ன கதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

எங்கள் மாடிக்கு வந்தவர் யெவ்லே என்ற ஊர்க்காரர். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 170 கிலோமீட்டரில், பால்டிக் கடற்கரையில் இருக்கும் துறைமுக ஊர் அது. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ரமணரைப் பற்றிய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைக்க, அதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'ஸ்வீடன் தாத்தா'. என் மாமியாருக்கு 'மாடித் தம்பி'. விடிகாலையில் ஆசிரமத்துக்குப் போய்விடுவார். பால் நிவேதனம் முடிந்ததும் பழைய ஹாலில் சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறுமுன் கந்தாசிரமப் பாதையில் ஏறி இறங்கிவிட்டு, பத்தரை மணிக்குச் சாதுக்களுக்கு அன்னமிடும் நேரத்தில் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புவார். இருக்கிற இடமே தெரியாத குடித்தனக்காரர் கிடைத்தார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

அந்த நிம்மதி முதல் ஆட்டம்வரைதான். நடுராத்திரி தாண்டிய நேரம். தெருவே அடங்கிக் கிடக்கிறது. மாடியிலிருந்து "மோல்!" என்று ஒரு கத்தல். என் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டேய், மாடித் தம்பி விழுந்துடுச்சி போலருக்கு, போய்ப் பாருடா" என்று என் கணவரை விரட்டினார். இவர் டார்ச்சோடு ஓடினால், அங்கே மனிதர் மொட்டை மாடிக் கட்டையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இருக்கிறார். "கோல்! எங்க ஊர் கோல்!" என்றாராம். இரவு ஏழு மணிக்கு அவர்கள் ஊரில் ஆட்டம் தொடங்கினால் நமக்குப் பதினொன்றரை. படத்தோடு வரும் ஒளிபரப்பு அவருக்கு இங்கே கிடைக்கவில்லை. அவர் ஊர் வானொலியின் நேர்முக வர்ணனை கிடைத்தது. ஆக, வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த என் கணவருக்கும் அவருக்கும் அன்று ராத்திரியே ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமைகளில் சில ஆட்டம் அங்கே பிற்பகலிலேயே தொடங்கிவிடும். நமக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அப்போது என் மகனும் மாடிக்கு ஓடிவிடுவான். அவன் கீழே வந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் ஆட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. களத்தில் ஐந்து பேர், கோல் காக்க ஒருவர், மொத்தம் ஆறு. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு இருபது பேருக்குமேல் தயாராக இருப்பார்கள். முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து விழுவார்கள். உடனே அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். ஆட்டம் நிற்காது. இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. முரட்டாட்டம் ஆடினால் இரண்டு நிமிஷம் கூண்டுக்குள் உட்கார வேண்டும். அதுவரை அணிக்கு ஓர் ஆள் குறைவு. அடிப்பது பந்தை அல்ல, ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லையை. அது துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறையவைத்து எடுத்து வருவார்கள்.

இடைவேளையில் ஒரு வண்டி வந்து பனித்தரையைச் சீவி அதன்மேல் வெந்நீர் விடும் என்றான் மகன். மாமியார் நம்பவே இல்லை. "ஐஸ் மேல வெந்நி ஊத்துனா கரைஞ்சில்ல போவும்?" மறுநாள் காலையில் மாடித் தம்பியையே நிறுத்திக் கேட்டுவிட்டார். அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்கேட்டின் விளிம்பு கீறிய கோடுகளின் ஓரத்தைச் சூடு லேசாக இளக்கும். அதனால் புதுத் தண்ணீர் பழைய பனியோடு நன்றாக ஒட்டிக்கொண்டு வழவழவென்று உறையும். மாமியார் யோசித்துவிட்டு, "சரிதான்" என்றார். அன்றிலிருந்து ஐஸ் ஹாக்கி அவருக்கும் சொந்தமாகிவிட்டது.

தியானம் செய்ய வந்தவருக்கு எதற்கு இந்த நடுராத்திரிக் கூத்து என்று எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் கேட்டதுண்டு. ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடமே கேட்டேன். ரமணர் மதுரையில் வேங்கடராமனாகப் பள்ளியில் படித்தபோது கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்று ஆட்டத்திலேயே திரிந்தவர் என்று வரலாற்று நூல்களில் இருக்கிறதே என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "காலையில் உட்காரும்போது மனசு எங்கெங்கோ ஓடுகிறது, அம்மா. ஆட்டம் கேட்கும்போது மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது." எதிர்வீட்டு அம்மாளிடம் இதை நான் சொல்லவில்லை.

அவருடைய அணியின் பெயர் பிரினேஸ். யெவ்லேயின் ஒரு பகுதி அது. அந்தப் பகுதியின் பெயரில் 1912-ல் தொடங்கிய விளையாட்டுச் சங்கம். 1960-ல் ஐஸ் ஹாக்கியின் மேல்பிரிவுக்கு ஏறிய அணி, அவர் எங்களிடம் வந்த காலம்வரை இறங்கியதே இல்லை. 1964-ல் முதல் தேசியப் பட்டம். 1966 முதல் 1972 வரை ஏழு வருஷத்தில் ஆறு பட்டம். கடைசியாக வென்றது 2012-ல், பதின்மூன்றாவது தடவை. இந்த வருஷங்களையெல்லாம் அவர் நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் பிறந்த வருஷத்தைச் சொல்வதுபோலத் தடுமாறாமல் சொல்வார்.

அவர் பர்ஸில் ஒரு அட்டை இருந்தது. சங்க உறுப்பினர் அட்டை. ரசிகர் மன்ற அட்டை என்று நினைத்தான் என் மகன். அவர் தலையாட்டி மறுத்தார். ஸ்வீடனில் தொழில்முறை அணியை ஒரு கம்பெனியாக நடத்தினாலும், அதில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களின் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்பார்கள். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் அணியை முழுசாக வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. வருஷச் சந்தா கட்டிய யாரும் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலாம், நிர்வாகிகளைக் கேள்வி கேட்கலாம், கையைத் தூக்கி ஓட்டுப் போடலாம். ஆலையில் கூலி வேலை பார்த்த காலத்திலிருந்து தாம் அப்படிக் கை தூக்கி வந்ததாகச் சொன்னார். "அப்போ நீங்கதான் ஓனரா?" என்றான் மகன். "ஆமாம். என்னைப் போல ஆயிரக்கணக்கான ஓனர்கள்" என்றார். சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையோடு நின்றிருந்த பிள்ளைக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

2022-ல் அவர் வந்து இறங்கியபோதே முகம் சரியில்லை. பிரினேஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. மேல்பிரிவில் 14 அணி, ஒவ்வொன்றுக்கும் 52 ஆட்டம். நேர வெற்றிக்கு 3 புள்ளி; கூடுதல் நேரத்திலோ பெனால்டி அடித்தோ ஜெயித்தால் 2; அப்படித் தோற்றால் 1. முதல் ஆறு அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். ஏழு முதல் பத்து வரை தங்களுக்குள் மோதி மீதி இரண்டு இடத்தைப் பிடிக்கும். பதினொன்றும் பன்னிரண்டும் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். கடைசி இரண்டுக்குத்தான் வேதனை. அவை ஒன்றோடொன்று ஏழு ஆட்டத் தொடர் ஆட வேண்டும். முதலில் நான்கு ஜெயித்த அணி தப்பிக்கும். மற்றது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். எத்தனை பட்டம் வென்ற அணியானாலும் இதில் சலுகை கிடையாது.

அந்த நவம்பர் 24-ஆம் தேதி இன்னொரு அடி. பொர்யே சால்மிங் இறந்துவிட்டார். ஸ்வீடனின் வட கோடியில் கிருனா என்ற சுரங்க ஊரில் 1951-ல் பிறந்தவர். தந்தை வழியில் சாமி என்ற பழங்குடி மரபு. பையனுக்கு ஐந்து வயதானபோது தந்தை சுரங்க விபத்தில் போய்விட்டார். பிரினேஸுக்கு வந்து 1971, 1972 இரண்டு பட்டத்திலும் ஆடி, 1973-ல் கனடாவின் டொரொன்டோ அணிக்குப் போனார். ஐரோப்பியர்கள் பயந்தாங்கொள்ளிகள், அடி தாங்கமாட்டார்கள் என்று அங்கே கேலி பேசிய காலம். சால்மிங் பதினாறு சீசன் அங்கேயே நின்று ஆடினார். அவர் போட்ட பாதையில்தான் பின்னால் ஸ்வீடன்காரர்கள் வரிசையாக வட அமெரிக்கா போனார்கள். 2022-ல் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் அவரைப் பிடித்தது. இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு டொரொன்டோ அரங்கத்துக்கு அவரை அழைத்து வந்தார்கள். பேச முடியவில்லை, கையைத் தூக்கவும் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சியை எங்கள் மாடித் தம்பி போனில் காட்டினார். என் மாமியாருக்கு ஆள் யாரென்று தெரியாது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் சில நாளில் பெரிய கோயிலில் தீபத்துக்குக் கொடியேறியது. டிசம்பர் 6 மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் மகா தீபம் ஏற்றியதும் ஊரில் எல்லா மொட்டை மாடியிலும் விளக்கு எரிந்தது. ஸ்வீடன் தாத்தா தாமும் ஒரு அகல் வாங்கி வந்திருந்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. தீபம் பார்த்தபடி அவர் ஊர்க் கதை ஒன்று சொன்னார். யெவ்லேயில் 1966 முதல் வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சதுக்கத்தில் வைக்கோலால் ஒரு ராட்சத ஆட்டுக்கடா செய்து நிறுத்துவார்கள். பதின்மூன்று மீட்டர் உயரம். அதை யாராவது திருட்டுத்தனமாகக் கொளுத்திவிடுவதும் வழக்கம். காவல் போட்டாலும் பாதிக்கு மேற்பட்ட வருஷங்களில் அது கிறிஸ்துமஸ் முடியும்வரை தப்பியதில்லை. "அட, சொக்கப்பனை!" என்றார் மாமியார். "இதுக்குப் போய் போலீஸ் எதுக்கு? சாமி பேரச் சொல்லி நீங்களே கொளுத்திட வேண்டியதுதானே?" மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

தை பிறந்தும் வழி பிறக்கவில்லை. மார்கழியில் ரமண ஜெயந்திக்கு வந்த கூட்டம் கலைந்து, மாசியில் அயல்நாட்டவர் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். இவர் மட்டும் விமானச் சீட்டைத் தள்ளிப் போட்டார். பிரினேஸ் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் முடித்திருந்தது. எதிரே மால்மோ. பங்குனி வெயிலில் மாடித் தளம் ராத்திரியிலும் கொதிக்கும். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் நடக்கும் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கணவரும் மகனும். தோற்கிற அணி கடைசி நிமிஷங்களில் கோல் காப்பவரையே வெளியே இழுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். கூடு காலி. எதிரணி அங்கிருந்து தட்டிவிட்டாலே கோல் விழும். தெரிந்தே எடுக்கிற துணிச்சல் அது. பல ராத்திரி அந்தத் துணிச்சல் பலிக்கவில்லை. தொடர் முடிந்தபோது பிரினேஸ் இறங்கிவிட்டது. 63 வருஷம் மேல்பிரிவில் ஒரு சீசனும் விடாமல் நின்ற அணி.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஆசிரமம் போனார். திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தார். அவர் ஊரும் காப்பிக்குப் பேர்போனது. 1853-ல் அங்கே தொடங்கிய கெவாலியா காப்பியை ஸ்வீடன் முழுக்கத் தெரியும். ஆனாலும் நம் டிகாஷன்தான் மனிதரைத் தேற்றும் என்பார். குடித்து முடித்ததும் போனை எடுத்து ஏதோ செய்தார். அடுத்த வருஷ உறுப்பினர் சந்தாவைக் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

என் மகன் அப்போது கேட்டான்: "இனிமே எந்த டீமுக்கு சப்போர்ட் பண்ணுவீங்க, தாத்தா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். என் கணவர் குறுக்கே வந்து நம் அனுபவத்தைச் சொல்லி விளக்கினார். சூதாட்ட விவகாரத்தில் சி.எஸ்.கே. 2016, 2017 இரண்டு வருஷம் விலக்கப்பட்டபோது, தோனி புனே அணிக்குப் போனார், நாங்களும் புனே ஆட்டத்தைப் பார்த்தோம். 2018-ல் சி.எஸ்.கே. திரும்பி வந்ததும் திரும்பி வந்துவிட்டோம். காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து அதே புனேவுக்குப் போயின. அந்த வருஷமே கோப்பையும் அடித்தோம். எல்லாம் கேட்டுக்கொண்டு அவர் சொன்னது ஒரே வரி: "எங்க ஊர் அங்கேயேதான் இருக்கு. நான் எங்க போறது?"

அடுத்த சீசனுக்கு அவர் வந்தபோது பிரினேஸ் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயும் 14 அணி, 52 ஆட்டம். மோரா போல 13,000 பேர் அளவிலான சிற்றூர்களின் அணிகளோடு மோத வேண்டும். அவமானமாக இல்லையா என்று கேட்டேன். சின்ன ஊர் என்றால் சின்ன அணி என்று நினைக்காதீர்கள் என்றார். மேல்பிரிவில் ஆடிய லெக்சாண்ட் சுமார் 6,000 பேர் வாழும் ஊர்தானாம். அதன் அரங்கத்தில் ஊர் மொத்தத்தையும் உட்காரவைத்த பிறகும் இடம் மிச்சமிருக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களெல்லாம் பல தலைமுறையாகச் சேர்ந்து தூக்கி நிறுத்திய அணி. இதைச் சொல்லும்போது போட்டி ஊரைப் பற்றிச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. என் மகளுக்கு இன்னொரு செய்தி சொன்னார். ஆண்கள் இறங்கினாலும் பிரினேஸின் பெண்கள் அணி அவர்களுடைய மேல்பிரிவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. "அப்ப பொம்பளைங்கதான் மானத்தக் காப்பாத்துனாங்க" என்றார் மாமியார்.

அந்த டிசம்பரில் யெவ்லேயின் வைக்கோல் கடாவை யாரும் கொளுத்தவில்லை. வைக்கோலில் தானியம் மிச்சமிருந்ததால் காக்கை இனப் பறவைகள் கூட்டமாக வந்து கொத்தித் தின்றுவிட்டன. உலகச் செய்திகளிலெல்லாம் படம் வந்தது. "நல்ல சகுனம். காக்காய்க்குச் சோறு வச்ச ஊரு ஜெயிக்காம போவாது" என்றார் மாமியார். அவர் வாக்கு பலித்தது. 2024-ல் இறுதித் தொடரில் யூர்கோர்டனை வீழ்த்தி பிரினேஸ் மேலே ஏறியது. யூர்கோர்டன் சாதாரண அணி அல்ல. ஸ்டாக்ஹோம் சங்கம், ஸ்வீடனில் அதிகப் பட்டம் வென்றது. அதுவும் 2022-ல் இப்படியே இறங்கி, மேலே ஏறத் தவித்துக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவருக்குத்தான் ஏணி. தாத்தா அப்போது ஊர் திரும்பிவிட்டார். ஜனங்கள் நிறைந்த தெருவின் படம் ஒன்றும், தமிழ் எழுத்தில் 'மோல்' என்ற ஒற்றைச் சொல்லும் என் கணவரின் போனுக்கு வந்தன. எழுத்தைக் கற்றுக்கொடுத்தது என் மகள்.

2024 கடைசியில் அவர் வந்த நேரம் எங்கள் ஊர் துக்கத்தில் இருந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று மலைச் சரிவு இடிந்து, அடிவாரக் குடியிருப்பில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். ஐந்து பேர் பிள்ளைகள். பிறந்ததிலிருந்து சாமியாகக் கும்பிட்ட மலையை அந்த நாட்களில் பயத்தோடு அண்ணாந்து பார்த்தோம். தீபத்துக்கு வழக்கமாக மேலே ஏறும் பக்தர்களை அனுமதிக்கவில்லை. பிரினேஸ் மேல்பிரிவில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மாடியிலிருந்து அந்த நாட்களில் ஒரு சத்தம் வரவில்லை. ஒயரைக் காதில் மாட்டி, வாயை மூடிக் கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் அவரைச் சொந்தக்காரராக நினைக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த சீசன் முடிந்த விதம் யாரும் எதிர்பாராதது. இறங்கி ஏறிய முதல் வருஷமே பிரினேஸ் இறுதிப் போட்டிவரை போய்விட்டது. 2012 பட்டம் வென்ற அணியில் இருந்து, பிறகு அமெரிக்காவில் நெடுங்காலம் ஆடிய யாக்கோப் சில்வர்பெர்க் ஊர் திரும்பி அதில் ஆடினார். எதிரே ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லூலியோ. அவர்கள் அதற்கு முன் ஜெயித்தது 1996-ல், ஒரே ஒரு தடவை. 29 வருஷம் காத்திருந்த லூலியோதான் வென்றது. தாத்தாவுக்கு என் மகன் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினான். பதில் வந்தது: "இரண்டு வருஷம் முன்னால் நாம் எங்கே இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?" 'நாம்' என்று எழுதியிருந்தார்.

அதே 2025 கோடையில் சி.எஸ்.கே. பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. கடைசி இடம் அதற்கு அதுவே முதல் தடவை. என் மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். எழுந்ததும் அவனே கேட்டான்: "அம்மா, நம்ம ஊர்ல ஏன் கடைசி டீமுக்கு ஒண்ணும் ஆவறதில்ல?" ஐ.பி.எல்.லில் கடைசியாக வந்தாலும் அடுத்த வருஷம் அதே மேடை, அதே வெளிச்சம். புரோ கபடி லீக்கில் 2017 முதல் ஆடும் நம் தமிழ் தலைவாஸுக்கும் அப்படித்தான். கீழிருந்து ஒரு கிராமத்து அணி ஜெயித்து ஜெயித்து அந்த இடத்துக்கு ஏறவும் வழியில்லை. இறங்குகிற பள்ளம் இல்லாத இடத்தில் ஏறுகிற படியும் இருக்காது. அணி ஒரு முதலாளியின் சொத்து. நமக்கு இருப்பது டிக்கெட்டும் சட்டையும் மட்டும். நான் ஐ.பி.எல். பார்ப்பதை விடவில்லை. பார்க்கும்போது இந்த நினைப்பு வருகிறது, அவ்வளவுதான்.

திருவண்ணாமலையின் மக்கள்தொகை 2011 கணக்கில் 1,45,278. யெவ்லே நகரம் 80,000-ஐக்கூடத் தொடாது. லெக்சாண்ட் நம் கிரிவலப் பாதையின் ஒரு மூலைக்குக் காணாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்து அனுப்பத் தெரிந்த ஊர் இது. ஓர் அணியை நடத்த நமக்கு ஆள் பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கக் கிராமங்களில் பொங்கலுக்குக் கபடியும் கைப்பந்தும் ஆடாத தெரு அபூர்வம். மூன்று நாள் புழுதி பறக்கும். யாரோ ஒரு கட்சிக்காரர் கோப்பை கொடுப்பார். நான்காம் நாள் வலையைச் சுருட்டிக் கோயில் மண்டபத்தில் போட்டுவிடுவோம். தெற்கே கோவில்பட்டி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண் தரையில் மட்டையைப் பிடித்தே 'ஹாக்கிப்பட்டி' என்று பெயர் வாங்கிய ஊர். இந்தியா சட்டை போட்டவர்களை அனுப்பியிருக்கிறது. ஒரு சின்ன ஊர் ஓர் ஆட்டத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஸ்வீடன் போகவேண்டியதில்லை.

2025 இலையுதிர் காலத்தில் பிரினேஸுக்கு இன்னொரு பிள்ளை திரும்பினார். நிக்லாஸ் பெக்ஸ்ட்ரோம். யெவ்லேயில் பிறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் அணிக்காக ஆடி 2018-ல் ஸ்டான்லி கோப்பையை வென்றவர். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின், நாற்பதை நெருங்கும் வயதில், இளமையில் ஆடிய அணியின் சட்டையை மறுபடி போட்டார். திரும்பி வர அவருக்கு ஓர் அணி அங்கே இருந்தது. அதை அங்கே இருக்கவைத்தவர்களில் எங்கள் மாடித் தம்பியும் ஒருவர், தோற்ற மறுநாள் காப்பி குடித்துவிட்டுக் கட்டிய சந்தாவால்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊரிலும் மண் தரையில் பயிற்சி எடுக்கும் ஏதோ ஓர் அணி கட்டாயம் இருக்கும். கபடியோ, கைப்பந்தோ, பெண் பிள்ளைகளின் கால்பந்தோ. பத்துப் பேர் சேர்ந்து அதைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். வருஷத்துக்கு நூறு ரூபாய் சந்தா வையுங்கள். கணக்கைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கி ஓட்டுப் போடுங்கள். அந்த அணி ஜெயிக்கிற வருஷம் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள நிறையப் பேர் வருவார்கள். தோற்கிற வருஷத்தில் மறக்காமல் சந்தா கட்டுங்கள்.